மாமனாரின் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்த செவ்வாய்க்கிழமை

"கையை எடு அம்மணி! ராகு காலம் தொடங்கிருச்சு!"

மாமா போட்ட சத்தத்தில் மவுஸ் என் கையிலிருந்து நழுவி, மேசை விளிம்பில் ஒயரோடு தொங்கியது. சுவர்க் கடிகாரத்தில் சரியாக மூன்று மணி. திரையில் இன்னும் நாலு வரி கீழே இறங்கியிருந்தால் நான் தேடிய ஃபைல் வந்திருக்கும்.

அந்த ஃபைலை என் மாமனார் திறந்து பார்ப்பதற்குள் அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால் மறுநாள் காலை ஒருவர் பென் டிரைவோடு வந்து எல்லாவற்றையும் மொத்தமாக அள்ளிக்கொண்டு போவார். அதற்குப் பிறகு என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது.

இந்த அத்தியாயம் வெளியாகும் வாரம் எங்கள் வீட்டுப் பிரதி மட்டும் வழியிலேயே காணாமல் போகும். பேப்பர்காரரிடம் சொல்லிவைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் எங்காவது வாங்கிப் படித்துவிட்டுப் போன் செய்தால், சிக்னல் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஜாதக பீரோ

தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் கோகிலா, வீட்டில் எல்லோருக்கும் அம்மணி. பிறந்தது இளம்பிள்ளை. எங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்றால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று அர்த்தம். வாழ்க்கைப்பட்டது எருமப்பட்டிப் பக்கம், காட்டுக்குள் இருக்கும் ஒரு வீட்டில்; விவசாய நிலத்தைத்தான் எங்கள் பக்கம் காடு என்போம். வீட்டுக்காரர் ரிக் லாரி வைத்திருக்கிறார். போர்வெல் போட வடக்கே போனால் திரும்பி வர நாலு மாதம் ஆகும். மற்றபடி வீட்டில் மாமா, அத்தை, நான், பள்ளிக்கூடம் போகும் என் மகள், அப்புறம் ஷெட்டு நிறையக் கோழிகள்.

மாமாவை எங்கள் பக்கத்தில் 'ஜாதக பீரோ' என்றுதான் சொல்வார்கள். அவர் ஜோசியரும் இல்லை, தரகரும் இல்லை. ஆனால் ஒறம்பரைச் சொந்தபந்தத்தில் யார் வீட்டில் கல்யாண வயதில் பெண்ணோ பையனோ இருந்தாலும் ஜாதகத்தின் நகல் ஒன்று அவருடைய இரும்பு பீரோவுக்கு வந்து சேர்ந்துவிடும். எந்தக் குலக் கூட்டம் என்று விசாரிப்பார். ஒரே கூட்டத்துக்குள் நாங்கள் பெண் எடுக்க மாட்டோம், அண்ணன் தங்கை முறையாகிவிடும். அப்புறம் பொருத்தம் பார்ப்பார். இன்ன வீட்டுக்கு இன்ன வீடு ஒத்துவரும் என்று சொல்லிவிடுவார். அதற்காக ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

பொருத்தம் இல்லையென்றால் முகத்துக்கு நேராகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். எத்தனை பெரிய இடமானாலும் சரி.

ஜாதகத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. கோழிக்குஞ்சு இறக்குவதற்கும் நாள் பார்ப்பார். பல் பிடுங்கப் போனவர், எமகண்டம் முடியும்வரை வாயைத் திறக்க மாட்டேன் என்று டாக்டரைக் காக்க வைத்திருக்கிறார்.

பால் கறந்துவிட்டு வரும் வரைக்கும்

எங்கள் கல்யாணம் நடந்த வருஷம் அந்த பீரோ நிரம்பி வழிந்தது. கதவைச் சாத்த முடியவில்லை. சேலத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அஸ்லம் பாயிடம் ஒரு கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கினார்கள். பாயே வந்து ரெண்டு நாள் உட்கார்ந்து, பீரோவில் இருந்த அத்தனை காகிதத்தையும் ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஊர் பேரும் அப்பா பேரும் போட்டு ஏற்றிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஸ்கேன் செய்வதை மாமா தானே கற்றுக்கொண்டார். அங்கேதான் வினை ஆரம்பித்தது. "எழுத்து தெளிவா இருக்கோணும்" என்று ஸ்கேனரில் இருக்கிற உச்சத்துக்கு வைத்துத்தான் எடுப்பார். ஒரு ஜாதகம் ஒரு சினிமாப் பாட்டைவிடப் பெரிதாக இருக்கும். காணாமல் போய்விடுமோ என்ற பயத்தில் ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் சேமிப்பார். அதில் ஒன்று கண்ணெதிரே, டெஸ்க்டாப்பில். முகப்பில் குலதெய்வத்தின் படம் வைத்திருந்தோம். நாளடைவில் ஐகான்கள் ஏறி, சாமியின் வேல்நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சிபியுவின் காற்றுத் துளைகள் மேல் சந்தனம் அப்பிக் குங்குமம் வைப்பார் அத்தை. அதைச் சுரண்டினால் பாவம் என்பார். ஒருதரம் மூடியைக் கழற்றிய அஸ்லம் பாய், உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி கோழி இறகை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "அக்கா, இது கம்ப்யூட்டரா, அடைகாக்கற கோழியா?" என்று கேட்டார்.

இத்தனைக்கும் அது எட்டு வருஷம் தாக்குப் பிடித்ததே பெரிய விஷயம். கடைசியில் ரொம்பத் தளர்ந்துவிட்டது. காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு மாமா எருமையிடம் போவார். பால் கறந்து, டெப்போவில் ஊற்றிவிட்டு, நாலு பேரிடம் நியாயம் பேசிவிட்டு வந்தாலும் அது அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருக்கும்.

நான் பிறந்த நேரம்

இனிமேல்தான் என் கதை.

நான் பிறந்தது விடியற்காலை மூன்று மணிக்கு. மூல நட்சத்திரம், தனுசு ராசி. தெரிந்தவர்கள் இதைப் படித்ததுமே உச்சுக்கொட்டுவார்கள். 'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்' என்று எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும். மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது. வீட்டுக்குள் கால் வைத்தால் அவர் காலம் முடிந்துவிடும் என்பது கணக்கு. மாமனார் உயிரோடு இருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லாம் என் ஜாதகத்தைத் தொட்டதும் கையைச் சுட்டுக்கொண்டது போலக் கீழே வைத்தார்கள்.

என் அப்பா நாலு வருஷம் அலைந்தார். கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரு ஜோசியர் வழி சொன்னார். பிறந்த நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் மூலத்துக்கு முந்தின நட்சத்திரமான கேட்டை வந்துவிடும். கேட்டை புருஷனுடைய அண்ணனுக்கு ஆகாது. அண்ணனே இல்லாத தலைச்சன் பையனாகப் பார்த்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

அப்படியாக, விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்த நான் முந்தின நாள் ராத்திரி பதினொன்றுக்கே பிறந்துவிட்டேன். ராசியும் விருச்சிகமாகிவிட்டது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். அப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னால் என்னைக் கூப்பிட்டு, "இனி நீ கேட்டைடி, மறந்துறாத" என்றார்.

மறக்க முடியுமா? ஊருக்கு விருச்சிகம், உள்ளுக்குள் தனுசு என்று எட்டு வருஷம் வாழ்ந்தேன். வாரப் பத்திரிகை வந்ததும் அத்தை என் பலனைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். தலையை ஆட்டிவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் என் நிஜமான பலனைத் தனியாகப் படிப்பேன். சனிப்பெயர்ச்சிக்குப் பக்கத்து ராசிக்காரர்களுடைய அர்ச்சனையெல்லாம் செய்திருக்கிறேன்.

பயம் மட்டும் போகவில்லை. நம்புகிறேனோ இல்லையோ, மாமா ஒரு தும்மல் போட்டால் தைலத்தைத் தேடுவேன். இருமினால் சுக்குக் காப்பியோடு ஓடுவேன். சைக்கிளை எடுத்தால் "பாத்துப் போங்க மாமா" என்று வாசல்வரை போவேன். "இப்படி ஒரு மருமக யாருக்குக் கெடைக்கும்" என்று ஊரே மெச்சியது. அத்தைக்குக்கூடக் கொஞ்சம் பொறாமை. அட கெரகமே, அது அன்பு இல்லை, குற்ற உணர்ச்சி என்று யாரிடம் சொல்வது? அன்பும் பிறகு வந்துவிட்டது. அது வேறு விஷயம்.

புதுசு

ஒருநாள் யாருடைய ஜாதகத்தையோ தேடித் தரச் சொன்னார் மாமா. தேடிக்கொண்டே போகும்போது அடுத்தடுத்து ரெண்டு ஃபைல்கள். 'இளம்பிள்ளை ராசப்பன் மகள்'. அதன் கீழே 'இளம்பிள்ளை ராசப்பன் மகள் புதுசு'. ராசப்பன் என் அப்பா. அவருக்கு நான் ஒரே மகள்.

முதலாவதைத் திறந்து பார்த்தேன். மூலம். மாற்றுவதற்கு முந்தைய என் அசல் ஜாதகம். அப்பா அலைந்த அந்த நாலு வருஷத்தில் வேறு எந்த வரனுக்கோ கொடுத்தது சுற்றிச் சுற்றி மாமாவின் பீரோவுக்கே வந்திருக்கிறது. பாய் இதையும் சேர்த்து ஏற்றியிருக்கிறார். ஆயிரத்துச் சொச்சம் ஜாதகத்தில் மாமா இதைக் கவனித்திருக்க மாட்டார் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

உடனே அழித்திருக்கலாமே என்பீர்கள். கம்ப்யூட்டர் இருப்பது மாமாவின் அறையில். அவர் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து ஒருதரம் போனேன். ஃபைலைத் தொட்டேன். மெனு வரவில்லை. காத்திருந்தேன். வந்தது. 'அழிக்கவா?' என்று அது கேட்பதற்குள் மாமா தண்ணீர் பாய்ச்சிவிட்டுக் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். 'வேண்டாம்' என்று அமுக்கிவிட்டு எழுந்தேன்.

மாமா பார்த்தால்கூட எப்படியாவது காலில் விழுந்துவிடலாம். அத்தைக்குத் தெரிந்தால் வீடு ரெண்டாகிவிடும். தன் அக்கா மகனுக்கு ஜாதகத்தை மறைத்துப் பெண் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக, அந்தச் சம்பந்தி வீட்டு வாசலை இன்றுவரை மிதிக்காதவர் அவர்.

இந்த நிலையில்தான் இடி இறங்கியது. திருச்செங்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒறம்பரைக்காரர்கள் சேர்ந்து திருமணத் தகவல் மையம் ஆரம்பித்தார்கள். மாமாவிடம் இருக்கிற அத்தனை ஜாதகத்தையும் நகல் எடுத்து, பிரிண்ட் போட்டு, ஊர்வாரியாக ஆல்பம் ஆக்கி மேசைமேல் வைப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு அத்தை புதுச்சேலை எடுத்துவைத்துவிட்டார். புதன்கிழமை காலை ஆள் வருகிறது.

செவ்வாய்க்கிழமை, ரெண்டு மணி

"இந்தக் கம்ப்யூட்டர் போற போக்குல, நாளைக்கு வார ஆளு நம்மூட்லயே பாய் போட்டுப் படுத்துக்கோணும்" என்றார் மாமா. "பாய்க்குப் போன் போடு. இன்னிக்கே சுத்தம் பண்ணிரோணும்."

போட்டேன். அஸ்லம் பாய் வழக்கம்போல நிதானமாகச் சொன்னார்.

"அக்கா, டிஸ்க்குல இடமே இல்லாம எப்படிக்கா ஓடும்? மொதல்ல டிஸ்க் க்ளீன்அப் போட்டுத் தேவையில்லாத டெம்பரரி ஃபைலெல்லாம் காலி பண்ணுங்க. ரீசைக்கிள் பின்னைக் கொட்டுங்க. அப்புறம் டிஃப்ராக். ஆனா நூத்துக்குப் பதினஞ்சு பங்காவது காலியா இருந்தாத்தான் டிஃப்ராக் ஒழுங்கா ஓடும்."

"ரீசைக்கிள் பின் காலியாத்தான் இருக்குங்க பாய்."

"எட்டு வருஷமா ஓடற கம்ப்யூட்டர்ல குப்பைத் தொட்டி காலியா? உங்க மாமனார் அவ்வளவு சுத்தக்காரரா?"

டிஃப்ராக் என்றால் என்னவென்று மாமாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. ஒரே ஃபைல் துண்டு துண்டாக டிஸ்க்கில் பத்து இடத்தில் சிதறிக் கிடக்கும், அதைத் தேடிப் பொறுக்குவதில்தான் நேரம் போகிறது, எல்லாத் துண்டையும் ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதுதான் இந்த வேலை என்றேன்.

"அட, நம்ம பெரிய தாத்தன் காடு மாதிரின்னு சொல்லு! ரெண்டு ஏக்கரா இக்கட்டால, அரை ஏக்கரா ஓடைக்கு அக்கட்டால, நடந்தே செத்தாரு மனுசன். இது பாகம் பிரிச்சதைத் திரும்பச் சேர்க்கற வேலை." பாய்கூட இத்தனை தெளிவாகச் சொல்லியதில்லை.

டெம்பரரி ஃபைல்களை அழித்தோம். போதவில்லை. டிஃப்ராக்கைக் கேட்டால் இடம் இல்லை என்றது. ஜாதகத்தில்தான் கை வைத்தாக வேண்டும். கல்யாணம் முடிந்தவர்களுடையதையெல்லாம் அழித்துவிடலாமா என்று ஆசையோடு கேட்டேன். மாமா முறைத்தார்.

"கூடி வாழறவங்க ஜாதகத்தை அழிக்கறதா? நல்ல காரியம் பண்ணின போ! ஒண்ணுக்கு ரெண்டா, மூணா இருக்கறதை மட்டும் அழி. ஒவ்வொண்ணையும் தொறந்து, பக்கம் பக்கமா வெச்சு, ஒண்ணுதானான்னு பாத்துட்டு அழி. நானும் கூட இருக்கறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு என் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஃபைல்கள் ஊர் வரிசையில் இருந்தன. அயோத்தியாப்பட்டணம், ஆத்தூர், அதற்கடுத்து இளம்பிள்ளை. நாமக்கல்லிலாவது பிறந்திருக்கக் கூடாதா நான்!

நடுவில் மாமா ரெண்டு தடவை எழுந்து போனார். முதல் தடவை தண்ணீர் குடிக்க. கிடைத்தது வாய்ப்பு என்று இ வரிசைக்குத் தாவினேன். திரையில் மணற்கடிகாரம் தலைகீழாகப் புரண்டு புரண்டு விழுந்தது. மாமா வந்துவிட்டார். அடுத்த தடவை எருமைக்குச் சோளத்தட்டுப் போட. இந்தத் தடவை திரை மொத்தமும் வெள்ளையாகி உறைந்துவிட்டது. சிபியுவின் தலையில் ஒன்று வைத்தேன். சந்தனம் உதிர்ந்ததே தவிர வேறு எதுவும் நடக்கவில்லை. மாமா வந்து, "ஆச்சா?" என்றார். "எதுங்க மாமா?" என்றேன். "ஆத்தூரு" என்றார்.

ஆத்தூர் முடியும்போதுதான் மூன்று மணி அடித்தது. ராகு காலத்தில் ஒரு ஜாதகத்தையும் தொடக் கூடாது என்று மவுஸைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் காவல் இருந்தார். இதற்கு முன்னால் நான் அப்படி ஒன்றரை மணி நேரம் தவித்தது பிரசவத்துக்குத்தான்.

சூடாகிருச்சு

நாலரை ஆனது. சுவர்க் கடிகாரத்தையும் கைக்கடிகாரத்தையும் ஒத்துப்பார்த்துவிட்டு, "ம், இப்பத் தொடு" என்றார்.

இ வரிசை வந்தது. ரெண்டு ஃபைலும் வந்தன.

"மாமா, இது என்ற ஜாதகந்தானுங்க. ரெண்டும் ஒண்ணுதான். மொதல்ல இருக்கறதை அழிச்சரட்டுங்களா?"

"தொறந்து பாரு."

"எதுக்குங்க மாமா? கண்ணாலமே ஆகி எட்டு வருசமாச்சு."

"ஊருக்கு ஒரு சட்டம், மருமகளுக்கு ஒரு சட்டமா? தொறம்மணி."

திறந்தேன். வேண்டாத நேரத்தில்தான் அந்தச் சனியன் பிடித்த கம்ப்யூட்டர் சட்டென்று திறந்தது. இடது பக்கம் மூலம், தனுசு. வலது பக்கம் கேட்டை, விருச்சிகம். பேர் ஒன்று, ஊர் ஒன்று, அப்பா ஒன்று, பிறந்த நேரம் மட்டும் ரெண்டு.

அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் நடந்து வந்தது. "அம்மணி, கம்ப்யூட்டர் போட்டுத்தான இருக்குது? உன்ற ஜாதகத்தை எடு சாமி. குருப்பெயர்ச்சி வருதல்ல, கட்டத்தை ஒருக்காப் பாத்துக்கறேன்."

நான் அசையவில்லை. அசைய முடியவில்லை. மாமாதான் கையை நீட்டி மானிட்டரின் ஸ்விட்சைப் பட்டென்று அமுக்கினார். திரை இருண்டது. அத்தை வேகவைத்த கடலைக்காய்த் தட்டோடு உள்ளே நுழைந்தார்.

"ஏனுங்க, ஒண்ணையும் காணோம்?"

"சூடாகிருச்சு. ஆறட்டும்."

"அம்மணி மூஞ்சி ஏன் இப்படி வேர்த்துக் கெடக்குது?"

"அதுவும் சூடாகிருச்சு."

அத்தை எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டை வைத்துவிட்டு, "மாமனும் மருமகளும் என்னமோ பண்ணுங்க" என்று போய்விட்டார்.

மாமா எட்டிப் பார்த்து, அவர் அடுப்படிக்குப் போய்விட்டதை உறுதி செய்துகொண்டார். மானிட்டரைத் திரும்பப் போட்டார். இடது பக்க ஜாதகத்தின்மேல் விரலை வைத்தார்.

"இதை அழி."

"மாமா..."

"மூலத்தை அழி சாமி. கேட்டை இருக்கட்டும்."

கடலைக்காய் ஆறிப்போனது

"உங்களுக்கு எப்பத் தெரியுங்க மாமா?"

"உங்க கண்ணாலத்துக்கு மூணு வருசம் முந்தியே தெரியும். என்ற கூட்டாளி பையனுக்குத்தான் உன்ற ஜாதகம் மொதல்ல வந்துச்சு. 'பொண்ணு மூலம், உன்ற உசுருக்கு ஆகாது, உட்டுரு'ன்னு நாந்தான் அவங்கிட்டச் சொன்னேன். மூணு வருசம் கழிச்சு அதே இளம்பிள்ளை ராசப்பன் மகள் கேட்டையாகி வாரா. உங்கப்பா அதை எங்கிட்டக் குடுக்கறப்ப என்ற மூஞ்சியப் பாக்கல. ரெண்டு தடவை தண்ணி வாங்கிக் குடிச்சாரு."

"தெரிஞ்சும் ஏனுங்க சரின்னு சொன்னீங்க?"

மாமா ஒரு கடலைக்காயை உடைத்தார். தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"உன்ற புருசனுக்கு அப்ப முப்பத்தி நாலு. ஆறு வருசம் ஊடு ஊடா ஏறி எறங்கினேன். ஊருக்கெல்லாம் சேத்து வெச்சவன், என்ற பையனுக்கு ஒண்ணு அமையல. அவன் ஊட்டுக்கு வாரதையே கொறச்சுட்டான். வந்தாலும் பேச்சில்ல. உன்னைப் பாக்க வந்தோமே, திரும்பிப் போறப்ப வண்டியில ஒரு பாட்டு முணுமுணுத்தான். நானும் உங்கத்தையும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது?"

மாமா கடலைக்காயைத் தட்டிலேயே திரும்பப் போட்டார்.

"பேப்பரை அடுப்புல போட்டுட்டேன். ஆனா அதுக்குள்ள பாய் இதுல ஏத்திப்புட்டான். இதை எந்த அடுப்புல போடறது? எனக்குச் சேமிக்கத் தெரியும், அழிக்கத் தெரியாது. யாரையாச்சும் கேட்டா, எதை அழிக்கோணும்னு அவங்க பாப்பாங்கல்ல? இன்னிக்கு நீயே அழிச்சுருவேன்னுதான் ரெண்டு தடவை எந்திரிச்சு எந்திரிச்சுப் போனேன். வந்து பாத்தா நீ செவத்துப் பல்லியாட்டம் அப்படியே உக்காந்திருக்கற! கடைசியில மாத்தி அழிச்சுட்டா என்னாவறதுன்னுதான் தொறக்கச் சொன்னேன்."

"எனக்குத் தெரியும்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"நான் இருமினா சுக்குக் காப்பி வருது, தும்மினா தைலம் வருது. சும்மா இருமினாலும் வருது. பொறகு எனக்குத் தெரியாதா?"

சும்மா இருமினாராம்! எட்டு வருஷமாக எத்தனை டம்ளர் சுக்குக் காப்பி!

அழித்தேன். "போயிருச்சா?" என்றார். குப்பைத் தொட்டியில் இருக்கிறது என்றேன். "அதையும் கொட்டு." கொட்டினேன். அந்தத் தொட்டியில் விழுந்த முதல் நாள் குப்பையில் நானும் இருந்தேன். பிறகு மீதி ஊர்களில் மூன்று மூன்றாக இருந்தவற்றில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மளமளவென்று அழித்தோம். யாரும் எதையும் திறந்து பார்க்கவில்லை. டிஃப்ராக் ஓட இடம் கிடைத்தது. சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் நகர்ந்து ஒன்றுசேர ஆரம்பித்தன. முடிந்ததும், "இன்னொருக்கா ஓட்டு, தடயமே இருக்கக் கூடாது" என்றார். மறுபடி ஓட்டினேன்.

கம்ப்யூட்டர் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மறுநாள் வந்தவர் ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் எல்லாம் நகலாகிவிட்டது. "புதுசுங்களா?" என்று கேட்டார். டெஸ்க்டாப்பில் சாமி முழுசாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போய் வந்த அத்தை, இளம்பிள்ளை ஆல்பத்தில் என் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம அம்மணியோடதுதான் அதுலயே நல்ல கட்டம்" என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சாயங்காலத்தில் இன்னும் ஒன்று நடந்தது. டிஃப்ராக் ரெண்டாவது தடவை ஓடிக்கொண்டிருக்கும்போது நான் மெதுவாகக் கேட்டேன்.

"பயமா இல்லீங்களா மாமா? நீங்க நெசமாலுமே நம்பறவராச்சே."

"நம்பாம? மூலம்னா மூலந்தான். அதனாலதான் கண்ணாலத்துக்கு ஒரு வாரம் முந்தி பத்திர ஆபீசுக்குப் போனேன்."

அது எங்கள் ஒறம்பரை முழுக்கப் பிரசித்தம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாமா தன் பேரில் இருந்த காடு மொத்தத்தையும் மகன் பேருக்கு எழுதிவைத்தார். கையிலிருப்பதை உயிரோடு இருக்கும்போதே ஒரு சென்ட் பாக்கியில்லாமல் கொடுப்பவர் எங்கள் பக்கத்தில் உண்டா? மகனுக்குப் பெண் அமைந்த சந்தோஷம் என்றார்கள். நானும் எட்டு வருஷமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சாகப்போகிறோம் என்று நிஜமாகவே நம்பி, கணக்கை முடித்துவிட்டு வந்துதான் இந்த மனிதர் எங்கள் மணவறைக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியில் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்கு அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.

மாமா பதறிப்போனார்.

"அட, நீ எதுக்குச் சாமி அழுவற? அழுவறதுன்னா நானல்ல அழுவோணும்! நிச்சயமாப் போயிருவோம்னு நம்பி அத்தனையும் எழுதிக் குடுத்தேன். எட்டு வருசமாச்சு, சாகவும் காணோம், காடும் கையில இல்ல. ஒரு தென்னமரம் வெட்டறதுன்னாலும் உன்ற புருசனுக்குப் போன் போட்டுக் கேக்க வேண்டியிருக்குது!"